பொதுப் பக்கத்துக்கு ஒரு பூட்டு

ஸ்ரீவராகத்து அனந்தலக்ஷ்மிக்கு வாய் கொஞ்சம் நீளம். தொண்ணூற்றேழில் திருவனந்தபுரத்துக் கம்ப்யூட்டர் நிறுவனம் ஒன்றில் வேலைக்குச் சேர்ந்த புதிதிலேயே அந்தப் பெயரை வாங்கிவிட்டாள்.

வெளிநாட்டு இன்ஷூரன்ஸ் கம்பெனி ஒன்றின் கணக்கு வேலை அங்கே நடந்தது. இருந்தது மெயின்ஃபிரேம் என்ற ஒரே பெரிய கம்ப்யூட்டர். அதற்குள்ளேயே ஆளுக்கொரு தனிக் கம்ப்யூட்டர் இருப்பதுபோல் பிரித்துக் கொடுத்திருந்தார்கள்; ஒருவர் இடத்தில் மற்றவர் நுழைய முடியாது. பிரீமியம் விகிதப் பட்டியலை மட்டும், ஆளுக்கொரு பிரதி எதற்கு என்று, அந்த மாதம் பொது நினைவகத்தில் பக்கம் என்று சொல்லும் ஒரு பகுதியில் வைத்தார்கள். எல்லாரும் படிக்கலாம். யாரும் எழுதக் கூடாது என்று வாயால் சொன்னதோடு சரி, பூட்டு போடவில்லை.

வைத்த வாரமே பட்டியலில் ஒரு விகிதம் தானாக மாற ஆரம்பித்தது. திருத்தி வைத்தால் மறுபடி வேறு எண். அந்த வாரம் புதிதாக ஓடத் தொடங்கியது அனந்தலக்ஷ்மியின் ப்ரோக்ராம். கேட்கவேண்டுமா, எல்லா விரலும் அவள் பக்கம் நீண்டது. தன்னுடையது இல்லவே இல்லை என்று அவள் அறை அதிரச் சாதித்தாள். டீம் தலைவர் தாணுமாலயன் குரல் உயர்த்துகிறவர் அல்ல. திங்கட்கிழமை முதல் அவளை டேட்டா என்ட்ரிக்கு மாற்றப்போவதாக மெதுவாகச் சொன்னார். அங்கே போனவர் யாரும் திரும்பி வந்ததில்லை.

அவளுக்கு அழுகை முட்டியது. அழாமல் கேட்டாள்.

“அந்தப் பக்கத்தைப் பூட்டிடுங்கோ சார். யார் எழுத வந்தாலும் அங்கேயே நிக்கட்டும்.”

“முதல்ல உன்னோடது நின்னா?”

“நின்னா நான் போறேன் சார்.”

சனிக்கிழமை காலை, வாடிக்கையாளரின் வேலை ஓடாத நேரம் பார்த்து, தாணுமாலயன் அந்தப் பக்கத்தைப் படிக்க மட்டும் என்று மாற்றினார். அனந்தலக்ஷ்மி தன் ப்ரோக்ராமை ஓட்டினாள். பூட்டிய பக்கத்தில் எழுத முயன்றதாகச் சொல்லி, தொடக்கத்திலேயே நின்றது. எந்த வரி என்றும் திரை காட்டியது. அவள் முகம் செத்துப்போயிற்று. தன்னுடையதுதான் என்று எல்லார் காதிலும் விழும்படி ஒப்புக்கொண்டாள். ஒரு வாரம் கத்தியவளுக்கு அது எத்தனை கஷ்டம்.

அப்புறம்தான் அந்த வரியைச் சரியாகப் பார்த்தாள். அவள் யோசித்து எழுதிய வரி இல்லை அது. அந்த அலுவலகத்தில் யார் புது ப்ரோக்ராம் தொடங்கினாலும், தாணுமாலயனின் பழைய ப்ரோக்ராம் ஒன்றின் முதல் வரிகளைப் பிள்ளையார் சுழி மாதிரி அப்படியே நகலெடுத்துக்கொள்வது வழக்கம். ஓடத் தொடங்கிய நேரத்தைப் பொது நினைவகத்தின் ஒரு மூலையில் அந்த வரிகள் குறித்துவைக்கும். மூலை காலியாகக் கிடந்தவரை கெடுதல் இல்லை. இப்போது பட்டியல் வந்து உட்கார்ந்திருப்பது அதே மூலையில்.

அவள் அதைச் சொன்னதும் பக்கத்து நாற்காலி செல்வின், ஆரியசாலைக்காரன், சந்தேகத்தோடு தன்னுடையதை ஓட்டினான். நின்றது.

“என்னுதும் போச்சு சேச்சி.”

அடுத்து, அதே டீமில் இருந்த மாளவிகாவுடையது நின்றது. அறையில் சிரிப்பு கிளம்பியது. கடைசியில் தாணுமாலயன் தன்னுடையதை ஓட்டினார். அதுவும் நின்றது.

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அந்த முதல் வரிகளை அன்றைக்கே எல்லாரும் நீக்கிவிட வேண்டும் என்றார். பூட்டை எப்போது எடுப்பது என்று செல்வின் கேட்டான்.

“எடுக்க வேண்டாம். அது எனக்கும் சேர்த்துத்தான்.” அனந்தலக்ஷ்மி பக்கம் திரும்பினார். “திங்கட்கிழமை நீ இங்கேயே வா. எல்லாரும் நகலெடுக்கப் புது ஆரம்பம் ஒண்ணு எழுதணும், நீயே எழுது.”

அவள் சந்தோஷமாகத் தலையாட்டினாள்.

“எழுதறேன் சார். ஆனா நான் எழுதினதையும் பூட்டு போட்டுத்தான் ஓட்டிப் பாக்கணும்.”