மஞ்சள் பட்ட பீரோக் கதவு

மகளுக்குச் சீராகத் தேக்கு பீரோ தருகிறோம் என்று சம்பந்தி வீட்டில் வாயை விட்டது நான்தான். அவர்களுக்குச் செங்கோட்டையில் மரக்கடை. அவர்கள் வீட்டுக் கட்டிலின் தலைமாட்டுப் பலகையைத் தடவித் தடவிப் பார்த்த எனக்கு, நாம் மட்டும் குறைந்துவிடுவதா என்று வீம்பு வந்துவிட்டது. பக்கத்தில் என் வீட்டுக்காரர் மிக்சர் தின்றுகொண்டிருந்தார். தென்காசியில் பர்னிச்சர் பட்டறை வைத்திருக்கும் மனுஷன் பேசாமல் இருந்தால் சம்மதம் என்றுதானே அர்த்தம்.

பட்டறைத் தூசி பட்டால் எனக்குத் தும்மல் நிற்காது, அந்தப் பக்கமே போக மாட்டேன். குற்றாலத்துச் சாரல் தென்காசியிலும் பிடித்துப் பட்டறைக் கூரை ஒழுகியதால், பாலிஷ் போடுவதற்கு முன்பே பீரோ வீட்டுக்கு வந்தது. இரண்டு கதவிலும் ரேகைகள் ஒன்றுக்கொன்று அப்படியே பொருந்தியிருந்தன.

அன்று வெள்ளிக்கிழமை. புதுப் பொருளை வெறுமனே விடலாமா? மஞ்சளைக் குழைத்துப் பொட்டு வைத்தேன். இடது கதவில் கை பட்டு இழுவிவிட்டது. பாலிஷ் இல்லாத மரம் மஞ்சளைக் குடித்துவிட்டது, துடைத்தும் போகவில்லை. சாயங்காலம் சம்பந்தி வீட்டார் பார்க்க வருகிறார்கள். உப்புத்தாளை எடுத்துத் தேய்த்தேன்.

மஞ்சள் போனது. கூடவே தேக்கும் போனது. உள்ளங்கை அகலத்துக்கு வெளிறிப்போன வேறு மரம் தெரிந்தது. வீட்டுக்காரரைப் போனில் கூப்பிட்டேன்.

அவர் வந்து பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்தார். “ஏட்டி, வெனீரைத் தேச்சு எடுத்துட்டியே.”

“என்னது?”

“பிளைவுட் மேல தேக்கைத் தாளு மாதிரி சீவி ஒட்டுதது. முழுத் தேக்குல இம்புட்டு அகலத்துக்குக் கதவு போட்டா, இந்தச் சாரலுக்கு முறுக்கிக்கிடும்லா. இதே ரேகையில ஜோடித் தாளுக்கு இனி நான் எங்க போவேன்?”

“அன்னைக்கு ஏன் வாயத் தொறக்கல?”

“நீ எங்க பேச விட்ட?”

பெண்ணை வாழ அனுப்பும் வீட்டில் முதல் பேச்சே பொய்யாகிவிட்டதே. சாயங்காலம் அவர்கள் வந்தபோது அந்தக் கதவை முதுகால் மறைத்துக்கொண்டு நின்றேன். மகள்தான் காபி போட்டாள். சம்பந்தியம்மா என்னை மெல்ல நகர்த்திவிட்டுத் தேய்ந்த இடத்தில் விரலை வைத்தார்.

“மைனி, தேக்குன்னு சொன்னது தப்பு. இது பிளைவுட்டு. எனக்கே இன்னைக்குத்தான் தெரியும்,” என்றேன்.

“அதுக்கா இப்படி வேர்த்துப்போய் நிக்கீங்க? நீங்க தடவிப் பாத்தீங்கள்லா, அந்தக் கட்டிலும் இதேதான். கடைக்கு நல்ல தேக்கு வந்தா எங்க வீட்டு அவுக அதை வித்துட்டுத்தான் மறுசோலி பாப்பாக.”

அவர்கள் கிளம்பிப் போனதும் இவரிடம் கேட்டேன். “அந்தக் கட்டில் வெனீருன்னு உங்களுக்கு அன்னைக்கே தெரியுமா?”

“பாத்ததுமே தெரியும்.”

“பொறவு ஏன் சொல்லல?”

அவர் கதவின் தேய்ந்த இடத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: “நீ அம்புட்டு ஆசையாத் தடவிக்கிட்டு இருந்த.”