கட்டைவிரலால் அமுக்கிப் பார்த்த மெத்தை

மெத்தை வாங்கப் போகிறவர்கள் எல்லோரும் ஒரே காரியத்தைத்தான் செய்கிறார்கள். கட்டைவிரலால் அமுக்குகிறார்கள். விரல் உள்ளே போனால் நல்ல மெத்தை, போகாவிட்டால் மட்டம். என் கணவரும் அவருடைய அண்ணனும் பழங்காநத்தம் கடையில் அதைத்தான் செய்திருக்கிறார்கள். இப்போது நினைத்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. அவர்கள் வாங்கப் போனது படுத்துத் தூங்குகிற மெத்தை இல்லை. நான் விழுவதற்கான விரிப்பு.

கல்லூரியில் ஜூடோ பழகினேன். பல்கலைக்கழக அணி வரைக்கும் போனேன். கல்யாணத்துக்குப் பிறகு விட்டுப்போயிற்று. விட்டுப்போயிற்று என்று சொல்வது ஒரு மரியாதைக்கு, விட வைத்தார்கள். பிறகு எங்கள் அலுவலகத்துக்கு மாற்றலாகி வந்தவள் ஒருத்தி, அவளும் ஜூடோக்காரி என்று தெரிந்த அன்று எனக்கு மதியச் சாப்பாடு இறங்கவில்லை. அவ்வளவு சந்தோஷம். ஆனால் எங்கே பழகுவது? பயிற்சிக்கூடம் ஊரின் அந்தக் கோடியில். வகுப்பு இருட்டிய பிறகு. வருகிறவர்கள் முக்கால்வாசி ஆண்கள். வீட்டில் ஒப்பவில்லை. சண்டை போட்டு, பேசாமல் இருந்து, மறுபடியும் சண்டை போட்டு, கடைசியில் ஆனையூர் வீட்டு மாடி அறை எனக்கென்று ஆனது. பழைய பீரோவும் ஓட்டை டிரம்மும் கிடந்த அறை. அதுவும் கை நழுவினால் இந்த ஜென்மத்தில் எனக்கு ஜூடோ கிடையாது. அது எனக்கு நன்றாகத் தெரியும்.

எப்படிப்பட்ட விரிப்பு வேண்டும் என்று கணவரிடம் சொல்லியிருந்தேன். கெட்டியாக இருக்க வேண்டும், கால் புதையக் கூடாது, மேல்பக்கம் கொஞ்சம் சொரசொரப்பு வேண்டும். தலையாட்டினார். ஞாயிற்றுக்கிழமை சேர்ந்து போவதாகப் பேச்சு. சனிக்கிழமை நான் அலுவலகத்தில் இருந்தபோது அண்ணனும் தம்பியும் கிளம்பிப் போய், வாங்கி, குட்டியானை வண்டியில் ஏற்றிக்கொண்டும் வந்துவிட்டார்கள். நான் திரும்பி வரும்போது மாடியில் மயில் நீல ரெக்ஸின் உறை போட்டு, ஜம்மென்று நான்கு பஞ்சு மெத்தைகள் கிடந்தன. மாமியார் அதற்குள் மூலைக்கு மூலை சந்தனம் வைத்திருந்தார்.

கணவரின் அண்ணனுக்கு முகமெல்லாம் பெருமை. “ரெண்டு பொண்ணுக்குச் சீர் மெத்தை எடுத்தவன்மா நான். கைய வச்சாலே தெரிஞ்சு போகும். நீ எம்புட்டு உசரத்துல இருந்து விழுந்தாலும் பூவாத் தாங்கும்” என்றார்.

ஏறி நின்று பார்த்தேன். கணுக்கால் வரை உள்ளே போனது. இது ஆகாது என்று சொன்னேன். கணவரின் முகம் வாடிவிட்டது. உனக்கு அடிபடக் கூடாது என்றுதானே பார்த்துப் பார்த்து வாங்கினோம் என்றார். பொய் இல்லை, அதற்காகத்தான் வாங்கினார். அவருடைய அன்பில் எனக்கு ஒருநாளும் சந்தேகம் வந்ததில்லை. அந்த அன்புக்கு என்னிடம் ஒரு வார்த்தை கேட்கத் தோன்றவில்லையே என்பதுதான் வயிற்றெரிச்சல். கல்யாணப் பெண்ணைக் கேட்காமல் சீர் எடுத்துப் பழகிய கை, என்னையும் கேட்கவில்லை.

அலுவலகத் தோழிக்கும் அந்த மெத்தை பிடிக்கவில்லை. இருந்தாலும் காத்துக் காத்து அலுத்துப்போயிருந்தோம், மெதுவாகப் பழகலாம் என்று இறங்கினோம். அவளை எடுத்துப் போட ஒற்றைக் காலில் திரும்பினேன். உடம்பு திரும்பியது, மெத்தையில் புதைந்த கால் திரும்பவில்லை. கணுக்கால் புடைத்துக்கொண்டது. எலும்பு முறியவில்லை, ஜவ்வு பிசகியிருக்கிறது என்று டாக்டர் கட்டுப் போட்டு அனுப்பினார்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் கொடுமை. கட்டிலைச் சுற்றி உட்கார்ந்துகொண்டு ஆளாளுக்கு நியாயம் பேசினார்கள். இதற்குத்தான் அப்போதே வேண்டாம் என்றோம் என்றார் மாமியார். இத்தனை வயதுக்கு மேல் இது எதற்கு என்றார் கணவரின் அண்ணன். அந்த அறையில் மறுபடி பீரோவைப் போட்டுவிடலாம் என்றும் அவரே சொன்னார். மெத்தையை ஒருவரும் குறை சொல்லவில்லை. என் கால்தான் குற்றவாளி, என் ஆசைதான் குற்றவாளி.

கால் சரியானதும் கணவரை இழுத்துக்கொண்டு அதே கடைக்குப் போனேன். ஜிம்காரர்களுக்கு விற்கிற விரிப்புகள், ஒன்றோடொன்று கோத்துப் போடுகிற சதுரத் துண்டுகளாக, பின்பக்கம் அடுக்கியிருந்தன. முதல் தடவையே அவை அங்கேதான் இருந்திருக்கின்றன. எது அதிகக் கெட்டி என்று நான் கேட்டேன். கடைக்காரர் என் கணவரைப் பார்த்துப் பதில் சொன்னார். மறுபடி கேட்டேன். மறுபடியும் “அண்ணே” என்று அவரிடமே சொல்லி, ஒரு துண்டை அவர் கையில் கொடுத்தார். கணவரின் கட்டைவிரல் தானாக நீண்டது.

எனக்கு எங்கிருந்துதான் அவ்வளவு கோபம் வந்ததோ. செருப்பைக் கழற்றினேன். துப்பட்டாவை இடுப்பில் இறுக்கிக் கட்டினேன். நான்கு துண்டுகளைத் தரையில் கோத்துப் போடச் சொல்லி, அதன் மேல் நின்று அப்படியே பின்பக்கமாக விழுந்தேன். விழும்போது கையால் ஓங்கித் தரையில் அடிக்க வேண்டும், அதுதான் முறை. சத்தத்தில் கடையே திரும்பிப் பார்த்தது. அது மெல்லிசு, தரை முழங்கையில் இடித்தது. அடுத்ததைப் போடச் சொன்னேன். அது வழுக்கியது. வாசலில் கூட்டம் சேர்ந்துவிட்டது. டீ குடித்துக்கொண்டிருந்தவர்கள்கூட டம்ளரோடு வந்து நின்றார்கள்.

கணவர் குனிந்து, “எந்திரி. நாலு பேரு பாக்குறாங்க” என்றார்.

“பாக்கட்டும். விழப்போறது நான்தான, நீங்களா?”

அவர் நிமிர்ந்து தள்ளிப் போய் நின்றுகொண்டார். அதற்கடுத்த விரிப்பில் விழுந்தபோது உள்ளங்கை மட்டும் சுரீர் என்றது, எலும்பு எதுவும் பேசவில்லை. எழுந்து ஒற்றைக் காலில் சுழன்று பார்த்தேன். கால் புதையவில்லை. கடைக்காரர் அப்போதுதான் என் முகத்தைப் பார்த்தார். “இதையே போட்டுருவோமாக்கா?” என்று கேட்டார். என்னைத்தான் கேட்டார்.

அறையில் விரித்ததும் கணவரின் அண்ணன் வந்தார். கட்டைவிரலால் அமுக்கினார். கல் மாதிரி இருக்கிறது என்று முகத்தைச் சுளித்துவிட்டுப் போனார். சீர் மெத்தைகளில் ஒன்றை மாமியார் மதியத் தூக்கத்துக்கு எடுத்துக்கொண்டார். நன்றாகத் தூக்கம் வருகிறதாம். வரும், அது அதற்குச் செய்ததுதானே.

முதல் நாள் பயிற்சியில் தோழி என்னைத் தூக்கி அடித்தாள். வீடு அதிர்ந்தது. கீழேயிருந்து மாமியாரின் குரல் வந்தது, “அங்கன என்ன விழுந்துச்சு?”

கணவர் அவசரமாகப் படியேறி வருவது கேட்டது. அவர் வாசலுக்கு வருவதற்குள் எழுந்து நின்றுவிட்டேன்.

“நான்தான் அத்தை விழுந்தேன்” என்றேன், வாசலில் வந்து நின்ற கணவரைப் பார்த்துக்கொண்டே. “இன்னும் விழுவேன்.”