காகித வீடு

அம்பத்தூர் தொழிற்சாலையில் விதிமுறைகளைக் கரைத்துக் குடித்தவன் என்று பெயர் எடுத்தவன் நான். எழுபதுகளில் வேலையாக ஹாங்காங் போனபோது, ஒரு நாள் காலை அருங்காட்சியகத்தில், அந்தக் காலத்தில் இறந்தவர்களோடு புதைத்த மண் வீடுகளைப் பார்த்து, அங்கே எழுதி வைத்திருந்த குறிப்புகளை ஒன்றுவிடாமல் எழுதிக்கொண்டேன்.

மாலையில் கடைத்தெருவில் வண்ணக் காகித வீடு ஒன்றை அலங்காரப் பொருள் என்று வாங்கி, விருந்துக்கு அழைத்த சீன நண்பரின் நோயாளித் தகப்பனாரிடம் நீட்டினேன். பெரியவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். நண்பர் அதை வெளியே வைத்துவிட்டு வந்து, தணிந்த குரலில் விளக்கினார்.

தெருவில் இறங்கியதும், உடன் வந்த பூந்தமல்லி ஃபிட்டர் காசிம், "இன்னா சார், செத்தவங்களுக்குக் கொளுத்துற ஊட்டை உயிரோட கீறவரு கையில குட்த்துட்டீங்களே! காலைல அவ்ளோ நேரம் இன்னாத்த எழுதினீங்க?" என்றார்.

சட்டைப் பையில் துருத்திக்கொண்டிருந்த குறிப்பேட்டை உள்ளே தள்ளிக்கொண்டேன்.

இப்போது வெளியூரில் எதை வாங்கினாலும், விலைக்கு முன், இதை யாருக்கு வாங்குவார்கள் என்று கேட்கிறேன். கடைக்காரர்கள் சிரித்தால் சிரித்துவிட்டுப் போகட்டும்.