ரிலீவர் வரும்வரை லாக்-அவுட் கிடையாது

காலையில் நான் போனபோது சங்கத்தின் செயலாளர் தேவராஜ் வாசலிலேயே நின்றிருந்தார். வணக்கம்கூடச் சொல்லவில்லை.

"மேடம், ஒரு லைனே காணோம். எந்த வீட்டு நம்பரைப் போட்டாலும் ஒண்ணியும் வர்ல."

லைன் என்றால் எங்கள் தங்கச் சுரங்க ஊரில் தொழிலாளர் குடியிருப்பு வரிசை. அந்த லைன்காரர்கள் வீட்டு உரிமைக்காகக் கோலாரில் இருக்கும் மாவட்ட அலுவலகத்துக்கு மனு போட்டிருந்தார்கள். அதற்காக ஸ்கேன் செய்து வைத்த பேப்பர்கள்தான் கம்ப்யூட்டரில் காணாமல் போயிருந்தன.

மாரிகுப்பத்தில் ரயிலேறி தினமும் பெங்களூருக்கு வேலைக்குப் போய்வந்து, டேட்டாபேஸ் அட்மினாகவே ஓய்வுபெற்றவள் நான். வீட்டில் சும்மா உட்காரப் பிடிக்காமல் இந்தச் சங்கத்துக்கு ஒரு டாக்குமெண்ட் டேட்டாபேஸ் அமைத்துக் கொடுத்தேன். சுரங்கக் குடும்பங்களின் பழைய பேப்பர்களை ஸ்கேன் செய்து சேர்க்க வேண்டும். ஒரு வீட்டில் சர்வீஸ் சர்டிபிகேட் இருக்கும், இன்னொரு வீட்டில் குவார்ட்டர்ஸ் அலாட்மெண்ட் மட்டும் இருக்கும், மூன்றாவது வீட்டில் எல்லாம் இருந்து பாதியைக் கரையான் தின்றிருக்கும். கட்டம் போட்ட டேபிளில் இதையெல்லாம் அடக்க முடியாது. அதனால்தான் டாக்குமெண்ட் டேட்டாபேஸ்.

இருந்தது ஒரே ஸ்கேனர், ஒரே நாற்காலி. காலையில் பிலோமினா, மதியத்துக்கு மேல் முனிரத்னம். தேவராஜையும் சேர்த்து ஆளுக்கொரு யூசர் அக்கவுண்ட் கொடுத்திருந்தேன். பிலோமினா சூப்பர்வைசர், அவளுக்கு மட்டும் டிலீட் பெர்மிஷன். முனிக்கு ரீட், ரைட் மட்டும். கண்ணும் கருத்துமாகச் செய்த ஏற்பாடு. இரண்டு பேரும் சேர்ந்து அதைக் காற்றில் விட்டிருந்தார்கள் என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது.

முதலில் பேப்பர்கள். முந்தாநாள் பேக்கப்பிலிருந்து அந்த லைனை மட்டும் ரீஸ்டோர் செய்தேன். எல்லாம் வந்துவிட்டது. தேவராஜுக்கு முகத்தில் ரத்தம் திரும்பியது, கூடவே கோபமும்.

"யாரு அழிச்சது?"

யார் எப்போது என்ன செய்தார் என்று சிஸ்டம் தானே எழுதிவைக்கும் லாக்கைத் திறந்தேன். நேற்று மதியத்துக்கு மேல். யூசர்: பிலோமினா.

"மதியம் அவ வீட்டுலதானே இருப்பா? அப்போ பாஸ்வேர்டை யாருக்கோ குடுத்திருக்கா. அது இன்னும் மோசம்."

ஸ்கேனர் பக்கத்தில் நின்றிருந்த பிலோமினா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். புருஷனுக்கு முதுகெலும்பில் ஆபரேஷன் ஆகி வீட்டோடு கிடக்கிறார். அவள் சம்பளத்தில்தான் வீட்டில் அடுப்பெரிகிறது.

"பாஸ்வேர்டை யாருக்கும் குடுக்கல சார். சேரைத்தான் குடுத்தேன்."

"யாருக்கு?"

அவள் ஸ்கேனர் கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்தாள். விஷயம் கேள்விப்பட்டு வேகமாக வந்த முனிரத்னம் செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே வந்தான். நாற்பது வயசு ஆள், அழுதுவிடுவான் போலிருந்தது.

"எனக்குத்தான் சார். ஒரு வீட்டுப் பேப்பர் தலைகீழா ஸ்கேன் ஆயிடுச்சி. அழிச்சிட்டு மறுபடி ஏத்தலாம்னு பாத்தேன். லைன் நம்பரைப் போட்டேன், வீட்டு நம்பரைப் போட மறந்துட்டேன். ஒரு வீடுதான் போச்சின்னு நெனச்சேன்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "ஏம்பா, உனக்குன்னு ஒரு லாகின் குடுத்திருக்கேனே, அதுல இன்னா நோவு உனக்கு?"

பதில் பிலோமினாவிடமிருந்து வந்தது. "எங்கப்பா வைண்டர் டிரைவர்க்கா. இவனோட அப்பாவும்தான். சுரங்கத்துக்குள்ள ஆளுங்க போற கேஜை ஏத்தி எறக்கற மெஷின். ரிலீவர், அதான் அடுத்த ஷிப்ட் ஆள், வந்து லிவரைப் புடிச்சாத்தான் எங்கப்பா கையை எடுப்பாரு. ஓடறத ஆஃப் பண்ணிட்டு நான் எப்டிக்கா எழுந்து போறது?"

அவன் வந்து உட்கார்ந்த பிறகுதான் அவள் எழுந்திருப்பாளாம். திரை அப்படியே இருக்கும், அவள் பெயரில். ஆரம்பித்த நாளிலிருந்தே இப்படித்தான். திட்ட வாயெடுத்தவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தேவராஜ் சிரிக்கவில்லை. அவர் அப்பா அந்த கேஜில் இறங்கி ஏறியவர்.

ஆனாலும் செயலாளர் செயலாளர்தானே. "அதெல்லாம் சரி மேடம். கமிட்டி கேட்டா இந்த லாக்கைத்தானே காட்டணும்? பிலோமினா கொஞ்ச நாள் வீட்ல இருக்கட்டும்."

எங்கள் ஊரில் 'கொஞ்ச நாள்' என்று அனுப்பப்பட்டவர்கள் திரும்பி வந்து நான் பார்த்ததில்லை.

"மேடம், அதுல அக்கா பேரை எடுத்துட்டு என் பேரைப் போடுங்க," என்றான் முனி.

லாக்கில் கை வைக்கமாட்டேன் என்று சொல்லிவிட்டேன். லாக்கைத் திருத்துகிற அட்மினை நம்பி யாரும் ஒரு பேப்பரும் தரக்கூடாது. ஆனால் நடந்ததைத் தனியாக ஒரு சம்பவக் குறிப்பாக டேட்டாபேஸில் ஏற்றலாம். ஏற்றினேன்: 'அழித்தவர் முனிரத்னம். தானே முன்வந்து சொன்னார்.'

பிலோமினா குனிந்து படித்தாள். "ஸ்க்ரீனைத் தொறந்து உட்டுப் போனது பிலோமினான்னு கீழ போடுங்கக்கா."

"உன்னைக் காப்பாத்தத்தானேம்மா மேடம் இதை எழுதறாங்க?" என்றார் தேவராஜ்.

"அதுக்குன்னு அவனைத் தனியா உடறதா சார்?"

அந்த நிமிஷம் அவளைக் கட்டிக்கொள்ளலாம் போலிருந்தது. கேட்டபடியே சேர்த்தேன்.

அன்றே ஒரு ஹேண்ட்-ஓவர் ஸ்க்ரீன் செய்தேன். போகிறவர் ஒரு பட்டனை அழுத்த வேண்டும், வருகிறவர் தன் பாஸ்வேர்டைப் போட வேண்டும். போட்டதும் பழைய பெயர் இறங்கிப் புதிய பெயர் ஏறிவிடும். நாற்காலியும் காலியாவதில்லை, ஒருவர் பெயரில் இன்னொருவர் வேலை செய்வதுமில்லை. அதன்பிறகு யாரையும் லாக்-அவுட் செய்யச் சொல்லி நான் நச்சரிக்க வேண்டியிருக்கவில்லை.

இந்த வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான்: யூசர் அக்கவுண்ட் போடும் முன் ஒரு ஷிப்ட் மாறுகிற நேரத்தில் அங்கே போய் உட்காருங்கள். யார் யாரிடம் எதை விட்டுப் போகிறார்கள் என்று பாருங்கள். பெர்மிஷனை அதற்கப்புறம் பிரிக்கலாம்.

கமிட்டிக்குப் போன அந்தக் குறிப்பின் கடைசி வரியை நான் ஏற்றவில்லை. அதுவரை பிலோமினாவின் முதுகுக்குப் பின்னால் நின்று "அந்தப் பேப்பரை எடும்மா" என்று மட்டுமே சொல்லிக்கொண்டிருந்த தேவராஜ், தன் பாஸ்வேர்டை என்னிடம் கேட்டு வாங்கி, மாற்றிக்கொண்டு, ஒற்றை விரலால் தட்டித் தட்டி ஏற்றினார்: 'இருவரும் பணியில் தொடர்கிறார்கள்.' லாக்கில் அவர் பெயர் வந்தது அதுதான் முதல் தடவை.