எங்கும் போகாத குழாய்

குழாயில் காதை ஒட்டவைத்துக்கொண்டு, "தொறங்க... இப்ப மூடுங்க. பட்டுனு மூடுங்க!" என்பார் மதலைமுத்து. மூடினால் சுவருக்குள் 'தொம்' என்று ஓர் இடி. உடனே நம்மைத்தான் முறைப்பார், நாமே உள்ளே புகுந்து இடித்த மாதிரி.

திருவையாற்றில் புது தண்ணீர் டேங்கு வந்ததிலிருந்து எங்கள் தெரு பிளம்பரான இவருக்கு எதன் மேலும் நம்பிக்கை கிடையாது. டேங்கு ரொம்ப நெட்டையாம், நாங்கள் அதன் காலடியில் இருக்கிறோமாம். "இவ்ளோ வேகத்த இந்தப் பழைய பைப்பு தாங்குமாங்க?" புது வாஷரைக்கூடப் பல்லால் கடித்துப் பார்த்துத்தான் மாட்டுவார். டீக்கடையில் டம்ளரை வெயிலில் தூக்கிப் பார்த்துவிட்டுத்தான் தண்ணீர் குடிப்பார்.

எல்லா வீட்டுக்கும் அவர் செய்யும் வைத்தியம் ஒன்றுதான். குழாய்க்குப் பக்கத்தில் ஒரு முழக் குழாயை நிமிர்த்தி வைத்து, தலையில் மூடி போட்டுவிடுவார். அதிலிருந்து சொட்டுத் தண்ணீர் வராது. "உள்ள காத்து நிக்குங்க. அடி அது மேல விழுந்துரும்."

காற்றுக்கு ஒரு குழாயா! எனக்குச் சந்தேகம் தட்டியது. பைப்புக் கடைக்காரனோடு இவருக்கு என்ன பேச்சோ, யார் கண்டது? என் வீட்டில் வைத்த மறுநாளே அதைக் கழற்றி, துளையை அடைத்துவிட்டேன்.

தண்ணீர்க் குழாய் போகிற அறையில்தான் என் விதைநெல் இருந்தது. 'உழுதவனுக்கே நிலம்' என்று சுவரெல்லாம் எழுதியிருந்த காலம்தான். ஆனால் நான் குத்தகைக்காரன். இந்தக் குறுவைக்கு விதைக்காவிட்டால் நிலத்தைப் பிடுங்கிக்கொள்ள மிராசுதார் காத்திருந்தார்.

நாலாம் நாள் மத்தியானம், கை கழுவிவிட்டு வெடுக்கென்று குழாயை மூடினேன். அறைக்குள் இணைப்பு விட்டுப்போய்த் தண்ணீர் பீய்ச்சி அடித்தது. ஒரு மூட்டை நனைந்துவிட்டது. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

மதலைமுத்து ஓடிவந்து தெரு வால்வை மூடினார். அடைத்த துளையைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

"யாருங்க கை வெச்சது?"

நான் மூட்டை மேல் நின்ற தண்ணீரைத் துடைத்தேன்.

"சரி சரி, தெரியுது. மூட்டையப் புடிங்க. உடனே காயப்போட்டா மொளப்பு கெடாது."

வாசலுக்கு இழுத்து வருவதற்கும், மிராசுதாரின் காரியஸ்தர் பஞ்சநதம் சைக்கிளை விட்டு இறங்குவதற்கும் சரியாக இருந்தது.

"என்னய்யா, விதை நனைஞ்சிருச்சா?"



"குழாய் வேலைங்க. தரைதான் ஈரம்," என்றார் மதலைமுத்து.

பஞ்சநதம் மூட்டையைத் தொட்டுப் பார்க்கக் குனிந்தார். அதற்குள் மதலைமுத்து, கட்டியிருந்த வெள்ளை வேட்டியோடு அந்த ஈர மூட்டையின் மேல் ஏறி, சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டார்.