புல் இல்லாத சரிவு

மலாய் நாட்டில், காஜா பெராங் வட்டாரத்தில் மேட்டு பங்களா என்றால் அந்நாளில் எல்லாருக்கும் தெரியும். டச்சுக்காரர் ஒருவர் கட்டி, பின்னர் மலாய் பேசும் பாபா சீனக் குடும்பம் ஒன்றின் கைக்கு வந்த வீடு அது. மேட்டின் உச்சியில் வீடு. பின்புறம் செங்குத்தான சரிவு. சரிவின் அடியில், வீட்டைவிடப் பழமையானது என்று குடும்பத்தார் பெருமை பேசிய செம்பாறைக் கற்சுவர். 1956ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் அங்கே தோட்டக்காரராகச் சேர்ந்த கருணாகரன், அதற்கு முன் இருபது ஆண்டுகள் ஜாசின் பக்கத்து ரப்பர் தோட்டமொன்றில் புல் வெட்டியவர்.

ரப்பர் தோட்டத்தில், மரங்களுக்கிடையே தரை கழுவிக் கவிழ்த்த சட்டியைப் போல இருக்க வேண்டும். ஒரு சாண் லாலான் புல் தலைகாட்டினாலும், காலையில் ஆள்கணக்கெடுக்கும் பெரட்டில் நூறு பேர் முன்னிலையில் கங்காணியின் ஏச்சைக் கேட்க வேண்டும். அந்த ஏச்சை ஒருநாளும் வாங்காதவர் என்பதுதான் கருணாகரனுக்கு வாழ்க்கையில் இருந்த ஒரே பெருமை. ஆகவே, புதிய இடத்தில் தம் திறமையைக் காட்ட அவர் முதலில் கைவைத்தது அந்தச் சரிவில்தான். அங்கே தலைமுறை தலைமுறையாகப் பின்னிக் கிடந்த புல்லையும் பெரணியையும் மூன்று வாரத்தில் வேரோடு சுரண்டியெடுத்துச் செம்மண்ணைப் பளபளக்கச் செய்தார். பங்களாவின் கணக்கு வழக்கைப் பார்த்த கிராணி ராஜரத்தினம் யாழ்ப்பாணத்தவர். அவரும் ஒரு காலத்தில் ரப்பர்த் தோட்ட அலுவலகத்தில் இருந்தவர். மேலே நின்று பார்த்துவிட்டு, வேலை என்றால் இதுவல்லவா வேலை என்று மெச்சினார்.

கால்வாய்களைப் பராமரித்த முகைதீன் மட்டும் மெச்சவில்லை. பன்னிரண்டு ஆண்டுகளாக அங்கே வேலைபார்த்த அவர், மனைவி ஜமீலாவோடு பங்களாவின் பின்கட்டு அறையிலேயே குடியிருந்தார். நண்பகலில் கருணாகரன் தூக்குச்சட்டியைத் திறந்தால், ஜமீலாவின் மீன்குழம்பு ஓர் அகப்பையாவது அதில் விழாமல் இராது.

“என்ன கருணா, இப்படி மொட்டையடிச்சிட்ட? பழனிக்கு நேர்ந்துக்கிட்டியா?” என்றார் முகைதீன்.

“சுத்தமா இருந்தா உங்களுக்குக் கண்ணு உறுத்துதா பாய்?”

“சிரிக்காத. மழை வந்தா இந்த மண்ணு பூரா என் லோங்காங் கால்வாயிலதான் வந்து படுக்கும். அதுக்குள்ள புல்லுக் கரணை வச்சு மூடிடு.”

கருணாகரன் தலையாட்டினார், மூடவில்லை. தாம் சுரண்டிய தரையில் தாமே மறுபடியும் புல் நடுவதாவது!

தீபாவளி கழிந்த இரண்டாம் வாரம் மழை பிடித்துக்கொண்டது. சுவருக்குப் பின்னால் ஓடிய கால்வாயை இரண்டாம் நாள் மாலை முகைதீன் நனைந்தபடியே தோண்டித் துப்புரவாக்கினார். கூடைகூடையாகச் சேற்றை வாங்கிக் கொட்டியவர் கருணாகரன்தான். மறுநாள் விடிவதற்குள் சரிவின் மண் கரைந்திறங்கிக் கால்வாயை விளிம்புவரை நிரப்பிவிட்டது. போக வழியற்ற நீர் சுவரை நெட்டித்தள்ள, முப்பதடி நீளத்துக்குப் பழஞ்சுவர் பாதையில் சாய்ந்து கிடந்தது.

வீட்டுக்குரியவர், நியோன்யா என்று எல்லாரும் அழைத்த எழுபது வயதுக் கைம்பெண், குடையின்கீழ் நின்று கற்களைப் பார்த்தார். அவருக்கும் சேர்த்துக் கிராணி பேசினார். சேறு அடைத்த கால்வாயைச் சுட்டிக்காட்டி, இதை எத்தனை மாதமாகத் தொடவில்லை என்று முகைதீனைக் கேட்டார். நேற்று மாலைதான் தோண்டினேன் என்றார் முகைதீன். கிராணி கருணாகரன் பக்கம் திரும்பினார்.

“நீ கண்டனியோ?”

கருணாகரனின் நகக்கண்களில் அந்தக் கால்வாயின் செம்மண் இன்னும் ஒட்டியிருந்தது. கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

“நான் கவனிக்கலைங்க ஐயா.”

முகைதீன் அவரைத் திரும்பிப் பாராமல் பின்கட்டுப் பக்கம் நடந்தார். அந்த வாரக் கடைசியில் வேலையோடு அறையும் போயிற்று. படுக்கைப் பாயும் பாத்திரங்களும் ஏற்றிய தள்ளுவண்டி சரிவின் ஓரமாகத்தான் வெளிவாசலுக்குப் போக வேண்டும். வண்டி வரும் ஓசை கேட்டதும் கருணாகரன் சரிவில் குத்துக்காலிட்டு அமர்ந்து, தலை நிமிராமல் புல் பொறுக்குபவர்போல் தரையைத் தடவிக்கொண்டிருந்தார். அவருக்கு நேரே வந்தபோது சக்கரம் நின்றது. சற்றுப் பொறுத்து மீண்டும் உருண்டு போயிற்று.

மறுநாள் முதல் அவர் புல் நடத் தொடங்கினார். யாரும் சொல்லவில்லை. ஆற்றோரத்திலிருந்து புல்லை மண்ணோடு கரணை கரணையாக வெட்டிச் சுமந்துவந்து சரிவில் பதித்தார். மாசி மாத வெயிலில், வாளியால் மொண்டு ஒவ்வொரு வரிசைக்கும் நீர் வார்த்தார். நண்பகலில் பூட்டிக்கிடந்த பின்கட்டு அறைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, வெறுஞ்சோற்றைத் தின்றார். புல் தழைத்தது; சுவரும் மீண்டும் எழும்பியது. பார்த்தவர்கள் புகழப் புகழ, அவருக்கு அந்தப் பசுமையை ஏறெடுத்துப் பார்ப்பதே கூசியது.

1957 ஆகஸ்ட் முப்பத்தொன்றாம் நாள் பங்களாவில் சுதந்திர விருந்து. விருந்தினர் பலர் சரிவை வியந்து பேசினர். நியோன்யா கருணாகரனை அழைத்து, தம் மலாய் மொழியில் அன்பாகப் பேசிவிட்டு, பின்கட்டு அறை மாதக்கணக்காக வீணே கிடக்கிறது, இனி நீ அங்கேயே குடியிருக்கலாம் என்று எல்லார் முன்னிலையிலும் அதன் சாவியை அவர் கையில் வைத்தார். கைதட்டினார்கள்.

சமையற்கட்டுப் பக்கம் கிராணி தனியே நின்றபோது, கருணாகரன் சாவியை அவரிடம் நீட்டினார்.

“ஐயா, சுவரு விழுந்தது என்னாலதான். பாய் முதல் நாளே தோண்டிட்டாரு. நான்தான் கூட நின்னேன்.”

ராஜரத்தினம் விருந்தினர் இருந்த திசையை ஒருமுறை பார்த்துக்கொண்டார்.

“சுரண்டினது நீ. மெச்சினது நான். எனக்குத் தெரியாதெண்டு நினைச்சனியோ? போய் ஆக்கள் இருக்கக் கதிரையளை அடுக்கு.”

சாவியை அவர் வாங்கவில்லை. கருணாகரன் அதை அலுவலறையின் ஆணியில் மாட்டிவிட்டு வந்தார். அடுத்த பல ஆண்டுகள் அங்கே வேலைசெய்தும், அந்த அறைக்கு அவர் குடிபோகவேயில்லை.

விருந்துக்கு மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. பண்டார் ஹிலிர் கடற்கரையோரம், முகைதீன் குடியிருந்த பலகை வீட்டைத் தேடிக்கொண்டு போனார். முகைதீன் இப்போது தோணிகளிலிருந்து மூட்டை இறக்கிப் பிழைத்துவந்தார். தோள் ஒருபக்கம் இறங்கியிருந்தது. வா என்று சொல்லிப் படியில் பக்கத்தில் உட்காரவைத்தார். வழியெல்லாம் சேர்த்துவைத்த சொற்களை எங்கே தொடங்குவது என்று கருணாகரன் தடுமாறுகையில், முகைதீனே முந்திக்கொண்டார்.

“கவனிக்கலைன்னு சொன்னியே, அதை நான் அன்னிக்கே விட்டுட்டேன். உள்ளதைச் சொல்லியிருந்தா உன்னையும் சேர்த்து அனுப்பியிருப்பாங்க. பயந்துட்ட. யாருதான் பயப்படல?” இறங்கிய தோளைத் தடவிக்கொண்டார். “ஆனா, வண்டிய நிறுத்தச் சொன்னது ஜமீலா. உன்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போகணும்னு சொன்னா. நீ தலையைக் குனிஞ்சு புல்லு பொறுக்கிட்டிருந்த. மொட்டைத் தரையில என்ன புல்லுப்பா பொறுக்கின?”

கருணாகரன் தலைகுனிந்தார். குனிந்த பார்வையில், படியோரத்துப் புல்லைத் தம் விரல்களே பிடுங்கிக்கொண்டிருப்பது தெரிந்தது. காலடியில் ஒரு சாண் அளவு தரை வெளுத்துவிட்டது. வெடுக்கென்று கையை மடிக்கு இழுத்துக்கொண்டு நிமிர்ந்தார். வாசல் திரைக்குக் கீழே ஜமீலாவின் பாதங்கள் தெரிந்தன.

“அங்க ஒரு புல்லுகூட இல்லக்கா,” என்றார்.

திரை விலகவில்லை, பாதங்களும் நகரவில்லை. கருணாகரன் பிடுங்கிப்போட்ட புல்லை ஒவ்வொன்றாகப் பொறுக்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு எழுந்தார்.