அஞ்சு மணிச் சங்கு

எனக்குப் பதினோரு வயது நடந்துகொண்டிருந்தபோது, எங்கள் வீட்டு வாசலில் சிந்தசைசர் என்ற மின்சார வாத்தியம் ஒன்று ஜட்கா வண்டியில் வந்து இறங்கியது. கம்பளியில் சுற்றி, சணல் கயிறு போட்டுக் கட்டியிருந்தது. பிள்ளை பெற்றவளை ஆஸ்பத்திரியிலிருந்து அழைத்து வருகிறவரைப் போல மாமா அதன்மேல் ஒரு கையை வைத்துக்கொண்டே வந்தார். தெருவில் பாதிப் பேர் அதைத் தையல் மிஷின் என்றார்கள். மீதிப் பேர் டி.வி. என்றார்கள். கம்பளியைப் பிரித்துக் காட்டியபின் இரண்டு தரப்புக்குமே ஏமாற்றம்.

மாமா என்றால் அம்மாவின் தம்பி. ஆம்பூரில் எங்கள் தெருவுக்குப் பின்னாலேயே இருந்த ஷூ கம்பெனியில் தையல் மிஷின்களைப் பழுது பார்க்கும் ஃபிட்டர். எங்களோடுதான் இருந்தார். அம்மாவுக்கும் அதே கம்பெனியில்தான் வேலை, ஷூவின் மேல்தோலைத் தைக்கும் பிரிவில். அப்பா தோல் லாரி ஓட்டிக்கொண்டு மாதத்தில் முக்கால்வாசி நாள் வெளியூரில் இருப்பார். அதனால் வீட்டில் பெரும்பாலும் நாங்கள் மூன்று பேர்தான்.

கம்பெனிக்குப் புது மிஷின்கள் பூட்டுவதற்காக ஜெர்மனியிலிருந்து ஓர் இன்ஜினியர் வந்து ஆறு மாதம் தங்கியிருந்தார். சாயங்காலப் பொழுது போவதற்கென்று அந்த வாத்தியத்தைக் கூடவே கொண்டுவந்திருந்தார். திரும்பிப் போகும்போது பெட்டிகளின் எடை ஜாஸ்தியாகிவிட்டதாம். கூடவே இருந்து வேலை செய்த மாமாவிடம் கொடுத்துவிட்டு விமானம் ஏறிவிட்டார். மாமாவுக்கு விசிலடிக்கக்கூட வராது. ஆனால் திருகுவதற்குக் குமிழ் வைத்த எந்தப் பொருளையும் வேண்டாமென்று சொல்ல அவருக்கு மனம் வராது. இதிலோ முப்பத்தொரு குமிழ்கள். நான் எண்ணினேன்.

எங்கள் பழைய வால்வு ரேடியோவின் முதுகில் கிராமபோன் செருகுவதற்கு இரண்டு ஓட்டைகள் உண்டு. மாமா பற்றவைத்து ஒரு ஒயர் செய்து, வாத்தியத்திலிருந்து அதில் செருகினார். சுவிட்சைப் போட்டதும் சிவப்பு விளக்கு எரிந்தது. மாமா சாமி கும்பிட்டுவிட்டு, ஹார்மோனியத்தில் இருப்பது போன்ற கட்டைகளில் நடுவிலிருந்த ஒன்றை அழுத்தினார். சத்தம் இல்லை. எல்லாக் கட்டைகளையும் வரிசையாக அழுத்தினார். ரேடியோ லேசாக உறுமியதே தவிர ஒன்றும் வரவில்லை.

மூன்று நாள் அப்படியே கிடந்தது. கூட வந்த புத்தகத்தை நான் பிரித்துப் பார்த்தேன். எழுத்தெல்லாம் ஆங்கில எழுத்து, வார்த்தைதான் ஒன்றுகூடப் பிடிபடவில்லை. சில எழுத்துகளின் தலையில் இரண்டு புள்ளி வேறு. மாமா பின்பக்கத்தைக் கழற்றி, ஊதி, மறுபடி மாட்டினார்.

"உள்ள எல்லாம் சரியாத்தான் இருக்குது, பாப்பா. இன்னா கேக்குதுன்னுதான் தெரியல."

நாலாவது நாள் பள்ளிக்கூடம் விட்டு வந்தவள், யாரும் இல்லாத நேரத்தில் அதன் முன்னால் உட்கார்ந்தேன். இடது கையால் ஒரு கட்டையை அழுத்திப் பிடித்துக்கொண்டு, வலது கையால் ஒவ்வொரு குமிழாக முழுவதும் திருகிப் பார்ப்பது, பிறகு பழைய இடத்துக்கே கொண்டுவருவது. அவ்வளவுதான் என் திட்டம். பதினான்காவது குமிழின் பெயர் 'கட் ஆஃப்'. அதைத் திருகினால் கட்டாகிவிடும் என்று பயந்து மாமா அதை இடது கோடியிலேயே வைத்திருந்தார். நான் வலது பக்கம் திருப்பினேன்.

முதலில் கிணற்றுக்குள் மாடு கத்துவது போல ஏதோ கேட்டது. இன்னும் கொஞ்சம் திருப்பினேன். மாடு கிணற்றிலிருந்து மேலே வந்தது. முழுக்கத் திருப்பியதும் வீடே அதிர்ந்தது. ரேடியோமேல் இருந்த பிளாஸ்டிக் பூச்சாடி நகர்ந்து நகர்ந்து கீழே விழுந்தது. நான் கட்டையை விடவில்லை. விட்டால் மறுபடி வராதோ என்று பயம். வேலை முடிந்து வந்த மாமா தெருமுனையிலேயே அதைக் கேட்டுவிட்டு, சைக்கிளை வாசலில் போட்டுவிட்டு ஓடிவந்தார். நான் அப்போதும் அதே கட்டையை அழுத்திக்கொண்டிருந்தேன்.

"பேசிடுச்சா!" என்று கத்தினார். என்னைத் தூக்கி ஒரு சுற்றுச் சுற்றினார். கட்டையிலிருந்து என் கை போய்விட்டதும் சத்தம் நின்றுவிட்டது. இருவரும் ஒன்றாகப் பாய்ந்து மறுபடி அழுத்தினோம்.

அதற்குப் பிறகு எனக்கு வேறு நினைப்பே இல்லை. ஒரே சமயத்தில் ஒரு கட்டைதான் பேசும், இரண்டை அழுத்தினால் ஒன்று வாயை மூடிக்கொள்ளும் என்று தெரிந்துகொண்டோம். 'நாய்ஸ்' என்ற குமிழை ஏற்றினால் ஓட்டு வீட்டின்மேல் மழை பெய்யும். கட் ஆஃபை மெல்ல மூடினால் அதே மழை வாணியம்பாடிப் பக்கம் தள்ளிப் போய்விடும். 'அட்டாக்' என்று ஒன்று இருந்தது. அதைத் தொடவே கூடாது என்றாள் அம்மா, பக்கத்துத் தெரு மேஸ்திரி அட்டாக்கில்தான் போய்ச் சேர்ந்திருந்தார். அம்மா இல்லாதபோது தொட்டேன். ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அழுத்திய உடனே வராமல், தூரத்து ரயில் போல ஓசை மெதுவாக வந்து சேர்ந்தது. கொசு, தவளை, குக்கர், மெயில் வண்டி எல்லாம் செய்தேன். ஒரு ஓசை அமைந்ததும் குமிழ்கள் நின்ற இடங்களைக் கணக்கு நோட்டில் வட்டம் போட்டுக் குறித்துக்கொள்ள முயன்றேன். முடியவில்லை. குமிழ் ஒரு மயிரிழை தள்ளினாலும் ரயில் மாடாகிவிடும். அந்தப் பெட்டிக்கு ஞாபகம் என்பதே கிடையாது. கலைத்துவிட்டால் கலைத்ததுதான்.

அம்மா இதையெல்லாம் கண்டுகொள்ளவே இல்லை. "காது வலிக்குதுடி, கம்மி பண்ணு" என்பதோடு சரி. ஐந்து மணிக்குக் கம்பெனிச் சங்கு ஊதி வேலை முடிந்து, அவள் வீட்டுப்படி ஏறும்போது எங்கள் டைம்பீஸில் ஐந்தே முக்கால் ஆகியிருக்கும். கேட் வழியாகச் சுற்றி வந்தாலும் கம்பெனிக்கும் வீட்டுக்கும் நடை பத்து நிமிஷம்தான். டைம்பீஸ்தான் வேகமாக ஓடுகிறது என்று நினைத்திருந்தேன். அம்மா வந்ததும் கால்களை நீட்டிச் சுவரில் சாய்ந்து கண்ணை மூடிக்கொள்வாள். நான் என்ன வாசித்தாலும் திறக்கமாட்டாள்.

ஒரு புதன்கிழமை நான் 'கிளைடு' என்ற குமிழைக் கண்டுபிடித்தேன். அதை ஏற்றிவிட்டுக் கீழ்க்கட்டையை அழுத்தி, பிறகு மேல்கட்டையை அழுத்தினால், ஓசை தாவாமல் வழுக்கிக்கொண்டே மேலே ஏறும். திரும்பக் கீழ்க்கட்டையை அழுத்தினால் வழுக்கிக்கொண்டே இறங்கும்.

"கம்பெனி சங்கு மாதிரியே இருக்குது, இல்ல?" என்றேன், யாரிடமென்று இல்லாமல்.

அம்மா கண்ணைத் திறந்தாள்.

"இன்னொரு தடவ பண்ணு" என்றாள்.

பண்ணினேன். எழுந்து வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"இவ்ளோ சீக்கிரம் ஏறாது. நிதானமா ஏறும். அப்புறம், ஆரம்பிக்கிறப்ப சளி புடிச்சாப்ல ஒரு கரகரப்பு இருக்கும் பாரு, அது இதுல இல்ல."

நாய்ஸ் குமிழை லேசாக ஏற்றினேன். அம்மா தலையாட்டவில்லை. கையை நீட்டி அதைத் தானே கொஞ்சம் இறக்கினாள். ஷூவின் தோலில் தையல் ஒரு நூல் விலகினாலும் கண்டுபிடிக்கிற விரல்கள் அவை. அடுத்தடுத்து மூன்று சாயங்காலம் நாங்கள் இருவரும் அந்தச் சங்கையே செய்தோம். மேலே போய் நிற்கும்போது ஓசை லேசாக ஆடும் என்றாள். வேறொரு குமிழால் அதே கட்டையில் இன்னொரு ஓசையைச் சேர்த்துக் கொஞ்சம் சுதி விலக்கிவைத்தால் ஆடும் என்று நான் கண்டுபிடித்துக் கொடுத்தேன். என் அம்மாவுக்கு இவ்வளவு சங்கீத ஞானமா என்று எனக்குப் பெருமை தாங்கவில்லை. வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஒருமுறை வாசித்தபோது, பக்கத்து வீட்டில் துணி மடித்துக்கொண்டிருந்தவள் "இன்னாது, இந்நேரத்துல ஊதுறான்?" என்று கேட்டுக்கொண்டே வெளியே வந்துவிட்டாள். அவளும் தையல் பிரிவுதான். அம்மா அவளைப் பார்த்துச் சிரித்தாள். பிறகு இரண்டு பேரும் குழாயடிக்குப் போய் வெகுநேரம் பேசிக்கொண்டிருந்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை ஒரு கல்யாண வீட்டில் எங்கள் வாத்தியத்தை வாசித்துக் காட்டுவதாக ஏற்பாடாகியிருந்தது. சவுண்ட் சர்வீஸ் வைத்திருந்த மாமாவின் தோஸ்த் ஒருவர், வெள்ளிக்கிழமை ராத்திரியே ஆம்ப்ளிஃபயரையும் ஒரு கூம்பு ஸ்பீக்கரையும் கொடுத்திருந்தார். மாமா சனிக்கிழமை லீவு போட்டுவிட்டு மொட்டை மாடியில் எல்லாவற்றையும் பூட்டினார். வேலைக்குக் கிளம்பும் முன் அம்மா மாடிக்கு வந்து பார்த்தாள்.

"தெருப் பக்கம் வெக்காதடா, எல்லாருக்கும் காது போய்டும். அந்தப் பக்கம் திருப்பி வை" என்றாள். அந்தப் பக்கம் என்பது கம்பெனியின் பக்கம்.

மாமா கீழே இறங்கியதும், காலை ரேடியோ செய்திக்குச் சரிபார்த்த டைம்பீஸை என் மடியில் வைத்தாள்.

"சாயந்தரம் இதுல சரியா அஞ்சு அடிக்கிறப்ப நம்ம சங்க ஒரே ஒரு தடவ வாசி. நல்லாச் சத்தமா. நான் அங்க இருந்து கேக்கணும்."

"மாமாகிட்ட சொல்லவா?"

"வேணாம். அவன் டீ குடிக்கப் போற நேரம். அவனுக்கும் ஆச்சரியமா இருக்கட்டும்."

அன்று பகல் நகரவே இல்லை. அம்மா, மிஷின் முன்னால் உட்கார்ந்தபடி, என் வாசிப்பைக் கேட்கப் போகிறாள்! குமிழ்களை ஒவ்வொன்றாகச் சரிபார்த்தேன். ஆம்ப்ளிஃபயரில் சத்தம் குறைத்துவைத்து நாலு தடவை ஒத்திகை பார்த்தேன். நாலே முக்காலுக்கு மாமா டீக்கடைக்குப் போனார். பெரிய முள் பன்னிரண்டைத் தொட்டதும் ஆம்ப்ளிஃபயரை ஏற்றிவிட்டுக் கீழ்க்கட்டையை அழுத்தினேன்.

கரகரவென்று தொண்டையைச் செருமிக்கொண்டு சங்கு கிளம்பியது. ஏறியது, ஏறியது, உச்சியில் போய் நின்று ஆடியது. தண்ணீர்த் தொட்டியிலிருந்த காக்கைகள் மொத்தமாகப் பறந்தன. நான் மனத்துக்குள் முப்பது எண்ணிவிட்டு இறக்கினேன். அது நானே செய்த ஓசை என்று எனக்கே நம்பிக்கை வரவில்லை.

ஒரு நிமிஷம்கூட ஆகியிருக்காது. கம்பெனி கேட்டிலிருந்து பெண்கள் வெளியே வந்தார்கள். பத்து, ஐம்பது, நூறு பேர். டிபன் கூடைகள் கையிலேயே இருந்தன. சிரித்துப் பேசிக்கொண்டு நிதானமாக நடந்தார்கள். ஒருத்தியாவது எங்கள் மாடியை அண்ணாந்து பார்ப்பாள் என்று கையை ஆட்டிக்கொண்டே நின்றேன். ஒருத்தியும் பார்க்கவில்லை.

அம்மா மூச்சிரைக்க மாடியேறி வந்தாள். "கேட்டுச்சாம்மா?" என்றேன். வாத்தியத்தின் முன் குனிந்து, முப்பத்தொரு குமிழ்களையும் வரிசையாக இடது கோடிக்குத் திருகினாள். நான் "ஐயோ, ஐயோ" என்று கத்தக் கத்தத் திருகினாள். எங்கள் மூன்று நாள் உழைப்பு அரை நிமிஷத்தில் போயிற்று.

கீழே ஸ்கூட்டர் சத்தம். கம்பெனி மேனேஜர் மாடிப்படி ஏறி வந்தார். பின்னாலேயே, டீக்கடையிலிருந்து ஓடிவந்த மாமா, முகம் வெளுத்துப்போய்.

"யாருய்யா சங்கு ஊதினது? செக்ஷன் முழுக்க எழுந்து போய்ட்டாங்க! சுவிட்சு என் ரூம்ல இருக்குது, நான் போடவே இல்ல. உன் வேலதானா இது?"

மாமா உண்மையாகவே விழித்தார். "சார், நான் டீக்கடையில…"

"சங்கு ஊதுச்சு, வந்துட்டோம் சார்" என்றாள் அம்மா, முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு. "மணி அஞ்சுதானே? அஞ்சு மணிக்கு ஊதக் கூடாதுங்களா?"

மேனேஜர் தன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அம்மாவைப் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"இதுல சங்கு வருமா பாப்பா? எங்க, வாசிச்சுக் காட்டு."

உலகத்தில் அந்தக் கேள்விக்காகவே நான் காத்திருந்தேன். "வரும் சார்! அப்படியே வரும்!" என்று பாய்ந்து உட்கார்ந்தேன். மாமா கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டார். கட் ஆஃபைத் திறந்தேன். கிளைடை ஏற்றினேன். அழுத்தினேன். வாத்து கத்தியது.

"இருங்க சார், இப்ப வந்துடும்." நாய்ஸ் கொஞ்சம். இரண்டாவது ஓசை கொஞ்சம். வாத்து மறைந்து, தூரத்தில் சங்கின் சாடை வந்தது. "இதோ!" என்றேன்.

"இன்னா தூசி பாரு இதும்மேல" என்று அம்மா குனிந்து, முந்தானையால் பலகையைத் துடைத்தாள். நாலு குமிழ்கள் சுழன்றன. மறுபடி வாத்து.

"அம்மா, தொடாத!" என்று அலறினேன். மறுபடி தேடினேன். மறுபடி நெருங்கினேன். மறுபடி அம்மாவுக்குத் தூசி தெரிந்தது. இவ்வளவு விரல் சுத்தமுள்ளவள் இன்றைக்குப் பார்த்து ஏன் இப்படித் தடுமாறுகிறாள் என்று எனக்கு அழுகையே வந்துவிட்டது. கொசு வந்தது, தவளை வந்தது. சங்கு வரவில்லை.

மேனேஜர் கொஞ்ச நேரம் நின்று தவளையைக் கேட்டார். பிறகு இறங்கிப் போனார். ஸ்கூட்டர் சத்தம் ஓய்ந்ததும் மாமா அப்படியே தரையில் உட்கார்ந்தார்.

"அக்கா… நீயா?"

"பொட்டிய நல்லாத் தொடச்சு வைடா" என்றாள் அம்மா. "தூசி ஜாஸ்தி."

மாமா சிரிக்க ஆரம்பித்தார். கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார். நான் தேம்பிக்கொண்டிருக்கும்போது இதில் சிரிக்க என்ன இருக்கிறது என்று அவர்மேலும் கோபம் வந்தது. மறுநாள் கல்யாணத்தில் ரயிலும் மழையும் வாசித்தோம், எல்லாரும் கைதட்டினார்கள். ஆனால் நான் செய்ததிலேயே உசத்தியானதை அங்கே யாரும் கேட்கவில்லை. என் திறமை அம்மாவுக்குப் பொறுக்கவில்லை என்று முடிவுகட்டி, அவளோடு பேசுவதை நிறுத்தினேன்.

திங்கட்கிழமை கம்பெனியின் சொந்தச் சங்கு ஊதியது. அம்மா படியேறி வந்தபோது டைம்பீஸில் ஐந்து பத்து. கை நிறைய மல்லிப்பூவும் ஒரு பொட்டலம் பகோடாவும் வாங்கி வந்திருந்தாள். என்னைப் பார்த்துச் சிரித்தாள். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். வழக்கத்தைவிட அரைமணி நேரம் முன்னால் வந்துவிட்டாளே, இன்றைக்கு அரைமணி நேரம் கூடுதலாகக் கோபமாக இருக்க வேண்டியிருக்கிறதே என்பது ஒன்றுதான் அப்போது எனக்குத் தோன்றியது.